நாய்க்குக் குளிர்ச் சட்டை: குளிர்வது எது?

கோடை பிறந்ததும் புதிய பண்டங்கள் சில கடைகளில் தலைகாட்டுவது வழக்கம். சில ஆண்டுகளாக அவற்றோடு நாய்களுக்கான குளிர்ச் சட்டையும் சேர்ந்திருக்கிறது. முதுகின்மேல் போர்த்தி, வயிற்றுக்கு அடியில் பட்டையால் கட்டிவிடும் ஒரு மேலுடை அது. நீரில் நனைத்துப் பிழிந்து போடுவது ஒரு வகை. பைகளில் உறைந்த பொருளை வைத்துப் போடுவது மற்றொரு வகை. விலை மலிவன்று; ஆயினும் வாங்குவோர் இருக்கின்றனர். காரணம் வெளிப்படை. சைபீரியப் பனிவெளியில் சறுக்கு வண்டி இழுத்த ஹஸ்கியும், ஆல்ப்ஸ் மலைக் கணவாயில் வளர்ந்த செயிண்ட் பெர்னார்டும் இன்று நம் நகரங்களின் அடுக்குமாடி வீடுகளில் வாழ்கின்றன. அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் தெருக்களில் நெடுங்காலமாகக் காணும் பாமரேனியனும் அல்சேஷனும்கூடத் தடித்த ரோமப் போர்வை உடையவையே. சித்திரை வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும் அவற்றைக் கண்டு மனம் இளகாதவர் யார்?

மனம் இளகுவது நல்லதே. ஆனால் இளகிய மனத்திடம் எதையும் விற்றுவிடலாம். எனவே இச்சட்டைகள் சொல்வதைச் செய்கின்றனவா, செய்தால் எந்த ஊரில், எந்த நாய்க்கு, எவ்வளவு செய்கின்றன என்பதை ஆராய வேண்டியுள்ளது. நிறுவனங்களின் பெயர்களை இங்கே சொல்லப் போவதில்லை. பெயர்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். வெப்ப இயலின் விதிகள் மாறா. மேல்நிலைப் பள்ளியில் படித்த பாடமே இம்மதிப்பீட்டிற்குப் போதும். கீழே வரும் வெப்பநிலைகள் யாவும் செல்சியஸ் அளவில் உள்ளவை.

நாய் தன்னை எப்படிக் குளிர்வித்துக்கொள்கிறது?

நமக்கு வெப்பம் மிகுந்தால் உடல் முழுதும் வியர்க்கிறது. வியர்வை ஆவியாகும்போது தோலிலிருந்து வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. நாய்க்கு இந்த வசதி இல்லை. அதன் வியர்வைச் சுரப்பிகள் பெரும்பாலும் பாதத்தின் அடியில் இருக்கின்றன. உடலைக் குளிர்விக்க அவை போதா. அது நம்பியிருப்பது மூக்கு, வாய், நாக்கு ஆகியவற்றின் ஈரப் பரப்பையே. வேகமாக மூச்சுவிட்டு அப்பரப்பிலுள்ள நீரை ஆவியாக்குகிறது. இதையே நாம் இரைத்தல் என்கிறோம்.

இரைத்தல் எளிய செயலாகத் தோன்றினாலும் அதில் அழகான இயற்பியல் உண்டு. அமைதியாக இருக்கும் நாய் நிமிடத்திற்குச் சுமார் 30 முறை மூச்சுவிடுகிறது. இரைக்கத் தொடங்கினால் அது படிப்படியாக ஏறுவதில்லை. ஏறத்தாழ 300க்கு ஒரே தாவலாகத் தாவிவிடுகிறது. அமெரிக்க ஆய்வாளர் குரோஃபோர்டு 1962இல் இதன் காரணத்தை விளக்கினார். நாயின் மூச்சு மண்டலத்திற்கு இயல்பான அதிர்வெண் ஒன்று உண்டு. இரைப்பு அந்த அதிர்வெண்ணை ஒட்டியே நடக்கிறது. ஊஞ்சலை அதன் போக்கிலேயே தட்டிவிட்டால் சிறிய விசையே போதுமன்றோ? அதுபோல ஒத்ததிர்வினால் நாய் குறைந்த உழைப்பில் மிகுந்த காற்றை அசைக்கிறது. இல்லாவிடில் இரைப்பதற்கு உழைக்கும் தசைகளே புதிய வெப்பத்தை உண்டாக்கிவிடும். பின்னர் 1970இல் ஷ்மிட்-நீல்சன் குழுவினர் காற்றின் பாதையைக் கண்டறிந்தனர். இரைக்கும் நாய் பெரும்பாலும் மூக்கு வழியே காற்றை இழுத்து வாய் வழியே வெளிவிடுகிறது. ஆகவே மூக்கில் கொண்ட வெப்பமும் நீராவியும் மூக்கிற்கே திரும்பாமல் வெளியேறிவிடுகின்றன.

இதிலிருந்து இரண்டு செய்திகளை நினைவிற் கொள்ளுங்கள். முதலாவது, நாயின் குளிர்ச்சி ஆவியாதலை நம்பியிருக்கிறது. இரண்டாவது, மார்பு தடையின்றி அசைய வேண்டும். இவ்விரண்டும் பின்னால் நமக்குத் தேவைப்படும்.

"இத்தனை டிகிரி குறைக்கும்"

உறைகளின்மேல் நாம் காணும் உறுதிமொழிகள் பெரும்பாலும் மூன்று. வெப்பநிலையை இத்தனை டிகிரி குறைக்கும் என்பது ஒன்று. இத்தனை மணி நேரம் குளிர்ச்சி தரும் என்பது மற்றொன்று. எங்கும் எந்த நாய்க்கும் ஏற்றது என்பது மூன்றாவது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எட்டு டிகிரி, பத்து டிகிரி குறைக்கும் என்று ஒருவர் சொன்னால், எதன் வெப்பநிலையை என்று உடனே கேளுங்கள். நலமாக உள்ள நாயின் உடல் வெப்பநிலை 38 முதல் 39 டிகிரி வரை இருக்கும். அதில் எட்டைக் கழித்தால் 30 டிகிரி. அந்நிலையை அடைந்த நாயை விரைந்து மருத்துவரிடம் தூக்கிச் செல்ல வேண்டியிருக்கும்! ஆகவே குறைவது நாயின் உடல் வெப்பநிலை அன்று என்பது தெளிவு. குறைவது ஈரத் துணியின் வெப்பநிலை. துணி குளிர்வது உண்மை. நாய் குளிர்வது தனியே மெய்ப்பிக்கப்பட வேண்டிய செய்தி. இவ்விரண்டையும் ஒன்றுபோல் காட்டும் வாக்கியம் பொய்யன்று எனினும் நேர்மையானதும் அன்று.

"இத்தனை மணி நேரம் குளிர்ச்சி"

நனைத்துப் போடும் சட்டை ஒன்று அரை லிட்டர் நீர் கொள்கிறது என வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,430 ஜூல் வெப்பம் வேண்டும். அரை லிட்டரும் ஆவியாக 1,215 கிலோ ஜூல். 25 கிலோ எடையுள்ள நாய் ஓய்வாக இருக்கும்போது அதன் உடலில் உண்டாகும் வெப்பம் சுமார் 40 வாட். அதாவது பழைய 40 வாட் குண்டு பல்பு ஒன்றின் அளவு. 1,215 கிலோ ஜூலை 40 வாட்டால் வகுத்தால் எட்டு மணி நேரத்திற்கு மேல் வருகிறது. எட்டு மணி நேரம் நாயின் வெப்பம் முழுவதையும் ஒரு சொம்பு நீர் விழுங்கிவிடும்போல் தோன்றுகிறது அல்லவா?

இக்கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. ஆவியாகும் நீருக்கு வெப்பம் தேவை. அவ்வெப்பம் நாயிடமிருந்துதான் வரவேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. வெளிப்புறத்தில் சூடான காற்றும் வெயிலும் நேராகத் துணியைத் தொடுகின்றன. உட்புறத்தில் நாய்க்கும் துணிக்கும் இடையே ரோமம் நிற்கிறது. எப்பக்கம் தடை குறைவோ அப்பக்கத்திலிருந்தே வெப்பம் மிகுதியாக வரும்.

அந்தத் தடையின் அளவைப் பார்ப்போம். தடித்த ரோமமுடைய நாய்களுக்கு இரண்டு அடுக்கு மயிர் உண்டு. வெளியே நீண்ட முரட்டு மயிர். உள்ளே பஞ்சு போன்ற நெருங்கிய மயிர். உள்ளடுக்கில் அசையாமல் நிற்கும் காற்றே உண்மையான போர்வை. இத்தகைய ரோமத்தின் வெப்பங் கடத்தும் திறனைக் கம்பளியைப் போலவே மீட்டருக்கு டிகிரிக்கு 0.04 வாட் எனக் கொள்ளலாம். முதுகில் சட்டை மூடும் பரப்பு 0.2 சதுர மீட்டர், ரோமத்தின் கனம் 4 சென்டிமீட்டர், தோலின் வெப்பநிலை 36 டிகிரி, ஈரத் துணியின் வெப்பநிலை 24 டிகிரி என்க. கடத்தும் திறனைப் பரப்பாலும் வெப்பநிலை வேறுபாட்டாலும் பெருக்கிக் கனத்தால் வகுத்தால்,

0.04 × 0.2 × 12 ÷ 0.04 = 2.4 வாட்.

நாய் உண்டாக்குவது 40 வாட். சட்டை வழியே வெளியேறுவது 2.4 வாட். சட்டையின் இறுக்கத்தால் ரோமம் அழுந்திக் கனம் பாதியானாலும் 5 வாட்டைத் தாண்டாது. ஓடி விளையாடும் நாயிடம் வெப்பம் பன்மடங்கு பெருகும். அப்போது இந்த 5 வாட் பொருட்படுத்தத் தக்கதே அன்று. சட்டை மூன்று மணி நேரத்தில் உலர்ந்தது என்றால், அந்நேரத்தில் நாய் கொடுத்த வெப்பம் 26 கிலோ ஜூல்தான். நீர் விழுங்கிய 1,215 கிலோ ஜூலில் இது நூற்றில் இரண்டு பங்கு. எஞ்சிய தொண்ணூற்றெட்டுப் பங்கும் காற்றும் வெயிலும் கொடுத்தவை. தெருவைக் குளிர்விக்க நாம் காசு கொடுத்திருக்கிறோம்!

குட்டையான மயிருள்ள ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற நம் நாட்டு நாய்களின்மேல் இதே சட்டை நன்றாக வேலை செய்யும். ஏனெனில் துணி ஏறத்தாழத் தோலையே தொடுகிறது. ஆனால் அவற்றுக்கு இச்சட்டை அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. தேவை மிகுந்த நாய்க்குப் பயன் குறைவு. பயன் மிகுந்த நாய்க்குத் தேவை குறைவு. இச்சட்டையின் அடிப்படை முரண்பாடு இதுவே.

சட்டைக்கு நியாயமாகச் சேர வேண்டிய புகழையும் சொல்லிவிட வேண்டும். நேர் வெயிலில் ஒரு சதுர மீட்டர்மேல் விழும் கதிர் வெப்பம் 1,000 வாட் வரை இருக்கும். வெளிர் நிறமுள்ள ஈரச் சட்டை இதில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிவிட்டு, மற்றதைத் தன் நீரை ஆவியாக்கச் செலவிடுகிறது. கறுப்பு ரோமமுள்ள நாய்க்கு இது மெய்யான உதவியே. ஆனால் அப்போது அது செய்வது குடையின் வேலை. அதே வேலையை மரநிழல் இலவசமாகச் செய்கிறது.

"எங்கும் ஏற்றது"

மூன்றாவது உறுதிமொழிதான் மிகவும் ஆபத்தானது. மண்பானை நீர் எல்லா நாளும் ஒரே அளவு குளிர்வதில்லை என்பது வீட்டுப் பெண்கள் அனைவருக்கும் தெரியும். வெட்டிவேர்த் தட்டியும் அப்படியே. காற்று வறண்டிருந்தால் நன்கு குளிரும்; புழுக்கமாக இருந்தால் குளிராது. ஈரத் துணி எவ்வளவு குளிரலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அதையே ஈரக்குமிழ் வெப்பநிலை என்கிறோம். நிழலில் தொங்கும் எந்த ஈரத் துணியும் அவ்வெல்லைக்குக் கீழே போக முடியாது.

இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்வோம். வேலூரில் ஒரு மே மாதப் பிற்பகல்: காற்றின் வெப்பநிலை 40 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 25 சதவீதம் என்க. ஈரக்குமிழ் வெப்பநிலை ஏறத்தாழ 24 டிகிரி. அதே நாளில் சென்னைக் கடற்கரை அருகே கடற்காற்று வந்துவிட்டது: வெப்பநிலை 34 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்க. ஈரக்குமிழ் வெப்பநிலை 29 டிகிரி! வெயில் கடுமையான வேலூரில் சட்டை 24 வரை குளிர்கிறது. ஆறு டிகிரி வெப்பம் குறைந்த சென்னையில் 29க்குக் கீழே இறங்க மறுக்கிறது. நாம் முன்பு கண்ட 2.4 வாட் சென்னையில் 1.4 வாட்டாகச் சுருங்கிவிடும்.

இப்போது முதலில் நினைவிற் கொள்ளச் சொன்ன செய்திக்கு வருவோம். நாயின் இரைப்பும் ஆவியாதலே. நாக்கின் ஈரப் பரப்பு சுமார் 38 டிகிரியில் இருக்கிறது. அவ்வெப்பநிலையில் பூரித ஆவி அழுத்தம் ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் பாதரசம். வேலூர்க் காற்றில் உள்ள நீராவியின் அழுத்தம் 14 மில்லிமீட்டர்தான். வேறுபாடு 36. சென்னைக் காற்றில் 28 மில்லிமீட்டர்; வேறுபாடு 22 மட்டுமே. ஆவியாதலை உந்துவது இவ்வேறுபாடே. ஆகவே புழுக்கமான நாளில் நாயின் இரைப்பு வலுவிழக்கிறது. அதே நேரத்தில், அதே காரணத்தால் சட்டையும் வலுவிழக்கிறது. நாய்க்கு உதவி மிகத் தேவையான பொழுதில் கைவிடும் கருவி இது. நீந்தத் தெரிந்தவனுக்கு மட்டும் மிதக்கும் மிதவையை யாராவது விற்பார்களா?

விடியற்காலையில் ஈரப்பதம் இன்னும் கூடுதலாயிற்றே, அப்போது நாயை வெளியே அழைத்துச் செல்லலாமா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. காலையில் 28 டிகிரி, 85 சதவீதம் என்றால் நீராவியின் அழுத்தம் 24 மில்லிமீட்டர். 70 சதவீத மாலையின் 28ஐவிட இது குறைவு. ஒப்பு ஈரப்பதம் என்பது அந்த வெப்பநிலையில் காற்றுக் கொள்ளக்கூடியதில் எத்தனை பங்கு என்பதை மட்டுமே காட்டும். உண்மையான நீராவியின் அளவைக் காட்டாது. காலையில் வெயிலும் இல்லை, தரையும் குளிர்ந்திருக்கும். ஆகவே உலாவ ஏற்ற பொழுது விடியலே.

உறைபொருள் வைத்த சட்டைகள்

ஆவியாதலை நம்பாத சட்டைகளும் உண்டு. இவற்றின் பைகளில் குறிப்பிட்ட வெப்பநிலையில் உருகும் பொருள் இருக்கும். காட்டாக, ஹெக்சாடெக்கேன் என்னும் மெழுகினப் பொருள் 18 டிகிரியில் உருகுகிறது. ஒரு கிலோ உருக ஏறத்தாழ 235 கிலோ ஜூல் வேண்டும். அது முழுதும் உருகி முடியும் வரை வெப்பநிலை 18ஐ விட்டு அதிகம் நகராது. காற்றின் ஈரப்பதம் எதுவானாலும் இந்த எண்கள் மாறா. கடலோர ஊர்களுக்கு இதுவே பொருத்தமானது என்று தோன்றும்.

தோன்றுவதில் உண்மையும் உண்டு. ஆனால் இங்கும் ஒரு பொறி இருக்கிறது. 34 டிகிரி, 70 சதவீதம் உள்ள சென்னைக் காற்றின் பனிநிலை சுமார் 28 டிகிரி. 18 டிகிரியில் உள்ள பையின் வெளிப்புறத்தில் அந்தக் காற்றுப் பட்டால் நீர் முத்து முத்தாகப் படியும். குளிர்ந்த சோடாப் புட்டியின்மேல் படிவதைப் பார்த்திருப்பீர்கள். படியும் ஒவ்வொரு கிராம் நீரும் 2,430 ஜூல் வெப்பத்தைப் பையினுள் கொட்டுகிறது. 100 கிராம் நீர் படிந்தால் 243 கிலோ ஜூல். ஒரு கிலோ மெழுகு முழுதும் உருகிவிடும். நாயிடமிருந்து ஒரு ஜூலும் பெறாமலே சட்டை தீர்ந்துபோகலாம்! எனவே வெளிப்புறத்தில் காற்றுப் புகாத, வெப்பங் கடத்தாத உறை உள்ள சட்டையே வாங்கத் தக்கது. மெல்லிய துணிப் பைக்குள் மெழுகு அடைத்து விற்பவை வீண்.

பனிக்கட்டி வைத்த சட்டைகள் கிலோவுக்கு 334 கிலோ ஜூல் கொள்ளும். மெழுகைவிட மிகுதி, விலையும் குறைவு. ஆனால் 0 டிகிரியில் உள்ள பொருள் மெல்லிய மயிருள்ள இடத்தில் நெடுநேரம் பட்டால் அங்கே தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கும். உடலின் உள்வெப்பத்தை வெளியே கொண்டுவருவது இரத்தம். குழாய் சுருங்கினால் அவ்வழி அடைபடும். தோலுக்கும் தீங்கு நேரலாம். இடையில் துணி அடுக்கு இல்லாமல் பனிக்கட்டியைப் பயன்படுத்தக் கூடாது.

பையின் உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நாய் கடிக்கும் இயல்புடையது. சில குளிர்ப் பைகளில் எத்திலீன் கிளைக்கால் சேர்ப்பதுண்டு. அது நாய்க்குக் கொடிய நஞ்சு. இனிப்புச் சுவை வேறு உடையது. உட்பொருளின் பெயரை உறையில் எழுதாத பண்டத்தை வாங்காதீர்கள்.

வாங்குவதானால் எதைப் பார்ப்பது?

இவ்வளவு சொன்ன பின்னும் சிலருக்குச் சட்டை தேவைப்படலாம். நாயை நண்பகலில் மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டியிருக்கும், மின்சாரம் போயிருக்கும். அப்படி வாங்குவோர் கீழ்க்கண்டவற்றைப் பார்க்க வேண்டும்.

முதலில் சட்டை எவ்விடத்தை மூடுகிறது என்று பாருங்கள். கடைகளில் உள்ளவற்றுள் பல முதுகை மட்டும் மூடுகின்றன. முதுகில்தான் ரோமம் மிகத் தடித்தது. வயிறு, முன்கால் இடுக்கு, பின்தொடையின் உட்புறம் ஆகிய இடங்களில் மயிர் குறைவு. அங்கே மயிரின் கனம் அரை சென்டிமீட்டர், பரப்பு 0.05 சதுர மீட்டர் என்று கொண்டு அதே கணக்கைப் போட்டால் 4.8 வாட் வருகிறது. முதுகில் கால் பங்குப் பரப்பு. வெப்பமோ இரு மடங்கு! மார்பின் அடியிலும் வயிற்றிலும் படியும் சட்டையே தடித்த ரோம நாய்க்கு ஏற்றது.

இரண்டாவதாக, மார்புப் பட்டையைக் கவனியுங்கள். நிமிடத்திற்கு 300 முறை அசைய வேண்டிய கூட்டை இறுகக் கட்டுவது, ஆடும் ஊஞ்சலின் சங்கிலியைப் பிடித்து இழுப்பது போன்றது. பட்டைக்கும் உடலுக்கும் நடுவே இரு விரல்கள் எளிதாக நுழைய வேண்டும். எடையையும் தூக்கிப் பாருங்கள். பத்துக் கிலோ பாமரேனியன்மேல் ஒரு கிலோ சுமை ஏற்றினால், சுமப்பதற்கு உழைக்கும் தசைகளே வெப்பத்தை உண்டாக்கும்.

மூன்றாவதாக, உங்கள் ஊரைப் பாருங்கள். வேலூர், திருச்சி, மதுரை போன்ற உள்நாட்டு ஊர்களின் வறண்ட பிற்பகலில், காற்றோட்டமுள்ள இடத்தில் நனைக்கும் சட்டை ஓரளவு உதவும். சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் அதற்குச் செலவிடாதீர்கள். எங்கே பயன்படுத்தினாலும் உலர்ந்ததும் கழற்றிவிட வேண்டும். உலர்ந்த சட்டை என்பது போர்வையின்மேல் இன்னொரு போர்வை. இரைப்பை நம்பியிருக்கும் உயிருக்கு அது கூடுதல் தண்டனை.

நீங்களே செய்து பாருங்கள்

இக்கட்டுரையை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். ஒரே அளவுள்ள இரண்டு தகரக் குவளைகளில் 40 டிகிரி வெந்நீர் நிரப்புங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். மற்றதைச் சுற்றி இரண்டு விரற்கடை கனத்திற்குப் பஞ்சு வைத்துக் கட்டுங்கள். இரண்டின்மேலும் பிழிந்த ஈரத் துணியைச் சுற்றி மின்விசிறியின் முன்னே வையுங்கள். பத்து நிமிடத்திற்கு ஒருமுறை நீரின் வெப்பநிலையைக் குறித்து வரைபடம் வரையுங்கள். இரண்டு துணிகளும் தொட்டால் குளிர்ந்தே இருக்கும். ஆனால் பஞ்சு சுற்றிய குவளையின் நீர் மிக மெதுவாகவே குளிரும். அதுதான் சட்டை போட்ட ஹஸ்கி.

அடுத்து, ஒரு வெப்பமானியின் குமிழில் ஈரத் திரியைச் சுற்றி விசிறியின் எதிரே வைத்து அளவெடுங்கள். நனைக்கும் சட்டை உங்கள் ஊரில் எவ்வளவு குளிர முடியும் என்பதற்கு அதுவே எல்லை. ஒரு வாரம் பிற்பகல்தோறும் அளந்துவிட்டுப் பிறகு கடைக்குப் போகலாம்.

சட்டையைவிட நல்லது

மயிரின் மேல் ஈரத் துணி போடுவதைவிட, மயிரை விலக்கித் தோல்வரை நீரைச் சேர்ப்பது மேல். நீரின் வெப்பங் கடத்தும் திறன் அசையாக் காற்றைப்போல் இருபது மடங்குக்கு மேல். காற்று இருந்த இடத்தில் நீர் புகுந்தால் போர்வை போர்வையாக இராது. விரல்களால் அளைந்து வயிற்றிலும் தொடை இடுக்கிலும் நீர் ஊற்றி, மின்விசிறியின் கீழ் விட்டால் போதும். இங்கே நீர் தன் வெப்பத்தை நேரே தோலிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. பின்னர் உள்மயிரை உலர விடவேண்டும். ஈரம் தங்கினால் தோல் நோய் வரும். உதிர்ந்த உள்மயிரை நாள்தோறும் சீவி எடுப்பதும் நல்லது. ஆனால் மொட்டை அடிக்காதீர்கள். வெயிலையும் 40 டிகிரிக் காற்றையும் தடுப்பதும் அதே ரோமமே.

பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் பணிநாய் மையத்தார் 2024இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்குக் குறிக்கத் தக்கது. உடற்பயிற்சியால் சூடேறிய நாய்களைக் குளிர்விக்கும் சில முறைகளை அவர்கள் ஒப்பிட்டனர். தானாகவே தலையை நீரில் அமிழ்த்தி எடுக்கப் பழக்கப்பட்ட நாய்கள் மற்ற முறைகளைவிட விரைவாகக் குளிர்ந்தன. தேவைப்பட்டது ஒரு வாளி நீரும் சிறிது பயிற்சியும்தான். நினைவோடு நலமாக இருக்கும் நாய்க்கே இது பொருந்தும் என்பதை மறக்க வேண்டாம்.

இறுதியாக, சட்டையால் வரும் பெரிய கேடு அதன் விலையன்று. அது தரும் துணிவு. சட்டை போட்டாயிற்று என்ற நம்பிக்கையில் பிற்பகல் நான்கு மணிக்கு நாயைத் தார்ச் சாலையில் நடத்துகிறவர், சட்டை இல்லாவிட்டால் வீட்டிலேயே இருந்திருப்பார். நாயின் உடல் வெப்பநிலை 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. அடங்காத இரைப்பு, கெட்டியான எச்சில், சிவந்த ஈறு, தள்ளாட்டம், வாந்தி ஆகியவை அறிகுறிகள். அவற்றைக் கண்டால் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, நிழலுக்குக் கொண்டுபோய், உடல் முழுதும் நீர் ஊற்றி விசிறுங்கள். நாயின் உடலைவிடக் குளிர்ந்த எந்த நீரும் உதவும். குழாய் நீரே போதும். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விட்டுவிடாதீர்கள். முதலில் குளிர்விப்பது, பிறகு மருத்துவரிடம் கொண்டு செல்வது என்பதே சரியான வரிசை. வழியிலும் வண்டியின் சன்னல் திறந்திருக்கட்டும்.

தடித்த ரோமமுள்ள நாயை வெப்ப நாட்டில் வளர்க்க முடிவு செய்தவர் அதற்கு நிழலையும் நீரையும் காற்றையும் விடியற்கால உலாவையும் கடன்பட்டிருக்கிறார். அக்கடனைச் சட்டை ஒன்றை வாங்கித் தீர்த்துவிட முடியாது.